பீடோங் நாட்குறிப்பு: மெர்போக் ஆற்றுச் சிப்பி

10 ஜூலை 2025, வியாழன்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. கோலாலம்பூர்த் தம்பி லீவு போட்டுவிட்டு மனைவியோடு வந்திருக்கிறான். ஆய்ஸ்டர் சிப்பி சாப்பிடப் போகலாம் என்றதும் மாமா, "கெராங் மட்டி அவிச்சுத் தின்னா பத்தாதா, இதைப் பச்சையா வேற முழுங்கணுமா?" என்றார். பக்கத்து ஆற்றில்தான் வளர்க்கிறார்கள். ஆனால் எங்கள் தோட்டத்து ஆட்கள் அதைச் சீனர் கடைச் சாப்பாடு என்று ஒதுக்கியே பழகிவிட்டோம். ஆற்று முகத்துவாரத்துத் தஞ்சோங் டாவாயில் ஒரு ராத்திரிக்கு அறை சொல்லியாயிற்று.

11 ஜூலை, வெள்ளி

பசியாறிவிட்டு செமிலிங் படகுத்துறையில் படகு ஏறினோம். நேற்றுதான் பௌர்ணமி, நீர் நன்றாக வற்றியிருந்தது. இரண்டு பக்கமும் பாக்காவ் என்னும் சதுப்புநில மரங்களின் வேர்கள் சேற்றோடு வெளியே தெரிந்தன. பின்னால் குனோங் ஜெராய் மலை. ராஜேந்திர சோழன் 1025இல் படையனுப்பிய கடாரம் இந்தப் பக்கம்தான் என்று தம்பி ஆரம்பித்தான். யாரும் காது கொடுக்கவில்லை.

மிதவையில் இருந்த மலாய்ப் பையன் கயிற்றை இழுத்து ஒரு கூடையைத் தூக்கினான். பாசியும், ஓட்டில் ஒட்டி வளரும் கொட்டலசும் அப்பி, எது சிப்பி எது கல் என்றே தெரியவில்லை. முப்பது வருஷம் செம்பனைக்காட்டில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்த மாமா கேட்ட முதல் கேள்வி: "என்ன உரம் போடுறீங்க?"

"ஒன்றும் இல்லை, பாக்சிக்."

"தீனி?"

"அதுவும் இல்லை."

மாமா நம்பவில்லை. மூட்டை மூட்டையாக உரம் இறைக்க வைத்த மனிதர் எப்படி நம்புவார்? பையன் பொறுமையாகச் சொன்னான். சிப்பி ஆற்றுநீரை உள்ளே இழுத்து, அதிலிருக்கும் நுண்பாசியை வடித்துத் தின்றுவிட்டு நீரை வெளியே விடுகிறது. குஞ்சு இரண்டு மூன்று வாரம் நீந்தித் திரியும். பிறகு ஓடோ கல்லோ கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் ஒட்டினதுதான். அதற்காக வேலை குறைவு என்றில்லை. கூடையைத் தூக்கிக் கழுவ வேண்டும், கொட்டலசைத் தட்டி எடுக்க வேண்டும், நெருக்கமாக வளர்ந்தால் பிரித்துப் போட வேண்டும்.

கனமழை பெய்தால் அறுவடையை நிறுத்திவிடுவார்களாம். ஆற்றில் உப்பு குறையும், மேலேயிருந்து அழுக்கும் இறங்கும். மாமா என் பக்கம் திரும்பி, "நாங்க மருந்தடிச்ச தண்ணியெல்லாம் இங்கதான வந்திருக்கும்" என்றார்.

எடுத்ததை உடனே தருவதில்லை. சுத்தமான கடல்நீர்த் தொட்டியில் போட்டு, உள்ளிருக்கும் சேறும் கிருமியும் கழிந்த பிறகுதான் சாப்பாட்டுக்கு. அப்படி வைத்திருந்ததைத்தான் எங்களுக்கு உடைத்தான். கீல் பக்கம் குட்டைக் கத்தியைச் செருகி ஒரு திருகு. ஓட்டின் உட்புறம் தசை ஒட்டியிருந்த இடத்தில் கறுப்புத் தழும்பு. இன்னொரு இனத்துக்கு அது வெள்ளையாக இருக்குமாம். முதலில் உப்பு, மென்றால் மெல்லிய இனிப்பு. எலுமிச்சை நாலு சொட்டு போதும். தம்பி சம்பாலை அள்ளிப் போட்டுக் கெடுத்துக்கொண்டான். உள்ளங்கை அகலத்துக்குப் பெரியதாக வேண்டாம், வாயில் மாவாக நிற்கிறது. தம்பி மனைவி மாசமாக இருப்பதால் பச்சையாகக் கொடுக்கவில்லை, கரியில் நன்றாகச் சுட்டுக் கொடுத்தார்கள். மாமா ஒன்றை விழுங்கினார். முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டாவதுக்குக் கை நீட்டினார்.

அத்தைக்கு வெள்ளிக்கிழமை சைவம். தேத்தண்ணியோடு சரி. அவர் பங்கை ஐஸ் பெட்டியில் வைத்தோம்.

12 ஜூலை, சனி

வீடு வந்ததும் பெட்டியைத் திறந்தேன். குழிந்த ஓடு கீழே இருக்கும்படி அடுக்கி, மேலே ஈரத்துணி போட்டிருந்தோம். நல்ல தண்ணீரில் போட்டால் செத்துவிடும். ஒன்று வாயைத் திறந்து கிடந்தது, தட்டியும் மூடவில்லை, தூக்கிப் போட்டேன்.

பச்சை என்ற பேச்சே அத்தையிடம் எடுபடவில்லை. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துப் பிரட்டல். சிப்பியைக் கடைசியில் போட்டு, சுருங்கி ஓரம் சுருண்டதும் இறக்கிவிட்டார். "உப்பே போடல, பாரு" என்று இரண்டு தடவை சொன்னார்.

மாமா ஓடுகளைச் சாக்கில் கட்டிச் சுத்தியலால் நொறுக்கிக் கறிவேப்பிலைச் செடிக்கடியில் கொட்டியிருக்கிறார். புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு நல்லது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழுவாமல் கொட்டியதுதான் பிரச்சினை. நாத்தம் போகும்வரை பின்கதவைத் திறக்கக் கூடாது என்று அத்தை உத்தரவு போட்டிருக்கிறார்.