யாக்கோபு 5:14ஐ யாருக்கு வாசிக்கிறோம்?

வருத்தக்காரரைப் பார்க்கப் போகிற கிறிஸ்தவர் யாராக இருந்தாலும் யாக்கோபு 5:14 வாயில் வந்துவிடும். வருத்தப்பட்டவர் சபையின் மூப்பர்களைக் கூப்பிடட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும். வசனம் அவ்வளவுதான், ஆனால் மட்டக்களப்பில் ஒரே குடும்பத்துக்குள்ளேயே அதை மூன்று விதமாக வாசிப்பார்கள்.

எங்கள் குடும்பம் அப்படித்தான். அம்மம்மா கத்தோலிக்கம், அப்பா பக்கம் மெதடிஸ்த், சின்னம்மா கலியாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே. அந்தச் சின்னம்மா சீனி வருத்தத்தில் கால் புண்ணாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பாஸ்டர் ஒரு சின்னப் போத்தலில் ஒலிவ எண்ணெய் கொண்டுவந்து, மூடியில் ஊற்றி விரலைத் தோய்த்து நெற்றியில் தாராளமாகப் பூசினார். அது காதோரமாக வழிந்து தலையணை உறையெல்லாம் எண்ணெய், தாதி முறைத்துக்கொண்டே போனாள். நான் அம்மம்மாவிடம் ஃபாதரையும் கூப்பிடுவோமா என்று கேட்டேன். "வேணாம் மனே, சாமியாரைக் கண்டா தான் சாகப் போறன் எண்டு நினைச்சிருவாள்."

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. கத்தோலிக்கர் இந்த எண்ணெய் பூசுதலை அவஸ்தைப் பூசுதல் என்று பல நூற்றாண்டாகச் சாகக் கிடப்பவருக்குத்தான் கொடுத்தார்கள். கத்தோலிக்கத்தை எதிர்த்துச் சீர்திருத்தம் தொடங்கிய லூத்தர் 1520இல் பிடித்ததும் இதைத்தான்: யாக்கோபு நோயாளி எழும்புவான் என்கிறார், நீங்களோ எழும்பமாட்டான் என்று தெரிந்த பிறகு பூசுகிறீர்கள். (சரியான கேள்வி. யாக்கோபின் நிருபம் அப்போஸ்தலர் எழுதியதுதானா என்றே அவர் சந்தேகப்பட்டது வேறு கதை.) 1551இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் இது கிறிஸ்து ஏற்படுத்திய அருட்சாதனம்தான் (இறைவனின் அருளைத் தரும் திருச்சடங்கு), மூப்பர் என்றால் ஆயரிடம் பட்டம் பெற்ற குருதான் என்று அடித்துச் சொன்னது. அதனால்தான் குருப்பட்டம் பெறாத ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினர் எவ்வளவு பக்தியாக எண்ணெய் பூசினாலும் அது அருட்சாதனம் ஆகாது; பாஸ்டரின் சபையிலோ ஊழியக்காரர், மூப்பர் யாரும் பூசலாம். பிறகு அதேபோல் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சாகும் தறுவாய் வரை காத்திருக்கத் தேவையில்லை என்றது. 1972இல் முறையே மாறியது. கண், காது, மூக்கு என்று ஒவ்வொன்றாகப் பூசியது போய் நெற்றியும் கைகளும் மட்டும், ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயும் சரி. அம்மம்மாவின் பயம் மட்டும் மாறவில்லை.

அங்கிலிக்கன்காரர் 1549 ஜெபப் புத்தகத்தில் எண்ணெயை வைத்துவிட்டு 1552இல் எடுத்தேவிட்டார்கள். இன்னொரு சீர்திருத்தக்காரரான கல்வின், யாக்கோபு சொல்கிற குணமாக்கும் வரம் ஆரம்ப காலத்தோடு முடிந்தது என்றார். மெதடிஸ்தருக்கு வழிகாட்டிய வெஸ்லி அப்படிச் சொல்லவில்லை, அது சபையில் எப்போதும் இருக்க வேண்டிய வரம், அவிசுவாசத்தால் இழந்தோம் என்றார். அதே மனுசன்தான் 1747இல் வீட்டு வைத்தியப் புத்தகமும் எழுதினார்! 1814இல் இங்கே வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் அடுத்த வருடமே இங்கேயே நோயில் இறந்துபோனார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

ஆனால் சின்னம்மாவுக்குச் சொன்னார்கள். இரண்டு கால்விரலை வெட்டி எடுத்த பிறகு, அவருடைய சபையிலிருந்து பார்க்க வந்த ஒருத்தர் கட்டிலடியில் நின்றுகொண்டு, "விசுவாசம் கொஞ்சம் குறைஞ்சிட்டுதாக்கும்" என்றார். எண்ணெய் பூசுவதில் எனக்குப் பிரச்சினையில்லை, குரு பூசினாலும் பாஸ்டர் பூசினாலும் சரி. இந்தப் பேச்சுத்தான் எனக்கு ஏறவே இல்லை, ஏனென்றால் அடுத்த வசனத்தையே அவர்கள் ஒழுங்காக வாசிக்கவில்லை. விசுவாசமுள்ள ஜெபம் நோயாளியை இரட்சிக்கும் என்கிறது 15ஆம் வசனம், சரி, ஆனால் அங்கே ஜெபிப்பது யார்? வந்த மூப்பர்கள். படுத்திருப்பவர் செய்ய வேண்டியது ஆள் அனுப்பிக் கூப்பிடுவது மட்டும்தான், சின்னம்மா கூப்பிட்டார். மாற்கு 2இல் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கினார்களே, இயேசு கண்டதாகச் சொல்லியிருப்பதும் "அவர்கள்" விசுவாசத்தை.

பாஸ்டரிடம் இதைக் கேட்டேன். அவர் பெரும்பாடுள்ள (தீராத இரத்தப்போக்குள்ள) பெண்ணை எடுத்தார், "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று இயேசு அவளிடமே சொன்னாரே என்றார். உண்மைதான், அது மாற்கு 5இல் இருக்கிறது. ஆனால் அது குணமான ஒருத்தியிடம் சொன்ன வார்த்தை. அதைத் திருப்பிப்போட்டு, குணமாகாத ஒருத்தியின் கட்டிலடியில் நின்று சொல்வதற்கு எந்த வசனம் இருக்கிறது என்று கேட்டேன், அடுத்த கிழமை கதைப்போம் என்றார்.