வகிடு

"தம்பி, வகிடு மாறிக் கிடக்கு."

ஹைப்போ கரைசலிலிருந்து போட்டோத் தகட்டை எடுத்துக் கழுவி அவர் கையில் கொடுத்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாமில், சித்திரை வெயிலில், தகட்டில் பூசிய கொலோடியன் ரசாயனத்தின் ஈரம் காய்வதற்குள் வேலையை முடிப்பதே பெரும்பாடு. பால் படர்ந்தாற்போல் இருந்த தகடு ஹைப்போவுக்குள் தெளிந்து, மகனின் போட்டோவை மடியில் வைத்தபடி அந்த அம்மாவின் உருவம் எழும்பி வந்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. மகன் 2009-இல் முள்ளிவாய்க்காலில் காணாமல் போனவர்.

"கண்ணாடியில் தெரிவது மாதிரிதான் அம்மா, இடம் வலமாகத்தான் விழும்" என்றேன். 1851-இல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரத்தகட்டுப் போட்டோ முறை என்று வேறு சொன்னேன். எதற்குச் சொன்னேனோ.

"கண்ணாடியில என்னைப் பாத்திருக்கிறன். அவனைப் பாத்ததில்லையே."

அவ்வளவுதான். தகட்டைத் திருப்பித் தந்துவிட்டு, போட்டோ சட்டத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

முறையே அப்படி, நான் என்ன செய்வது என்று வண்டியில் வரும்போதே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 1855-இல் கிரிமியப் போருக்கு இருட்டறை வண்டியோடு போன ஃபென்டன் என்ற ஆங்கிலேயப் போட்டோகிராபர் முந்நூறுக்கும் மேல் படம் எடுத்தார், ஒன்றில்கூடப் பிணம் இல்லை. எல்லாப் படத்திலும் ஏதோ ஒன்று விடுபடத்தான் செய்யும். இப்படி ஏதேதோ.

ஆனால் வழி இருந்தது. 1858-இல் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் போட்டோகிராபர் மதுரையை எடுத்த மாதிரி நெகட்டிவ் எடுத்துக் காகிதத்தில் அச்சிட்டிருந்தால் இடம் வலம் தானே நேராகியிருக்கும். அதுவும் வேண்டாம், மகன் போட்டோவை முன்கூட்டியே திருப்பிப் பிரிண்ட் போட்டு மடியில் வைத்திருந்தால் போதும். ஜெராக்ஸ் கடை வேலை. அது தோன்றவே இல்லை. ஃபோகஸ் வைத்தது அவர் முகத்துக்கு. மடியில் இருந்ததை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

சரி, அப்படிச் செய்திருந்தால்? அசையாமல் இருந்த அந்த எட்டு விநாடியும் அவர் பிடித்திருப்பது வகிடு மாறிய மகனைத்தானே. அதற்குச் சம்மதித்திருப்பாரா?

அப்புறம் தகட்டைச் செல்போனில் எடுத்து, திருப்பி, பேத்தி நம்பருக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

கண்காட்சிக்கு அந்தத் தகட்டைத்தான் கேட்கிறார்கள். வார்னிஷ் பூசாமல் விட்டால் வெள்ளி மெல்லக் கறுத்துவிடும். இரண்டு முறை வார்னிஷைச் சூடாக்கிவிட்டு, பூசாமல் மூடி வைத்துவிட்டேன்.