தக்காளித் தோட்டத்தில் விழுந்த பெட்டி

ராயக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தக்காளி. போன மாசியில் ஒருநாள் விடிகாலை மோட்டார் போடப் போன அப்பா, போன வேகத்தில் திரும்பி வந்தார். "மேலிருந்து என்னவோ விழுந்து கிடக்கிறது. கிட்டே போகாதே."

குச்சி கட்டிய செடிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பெட்டி, நீளமான நூல், கிழிந்த ரப்பர். நான் தொடவில்லை. ராக்கெட்டின் எரிபொருள் தொட்டிகளில் ஹைட்ரசின் என்ற நச்சு மிச்சமிருக்கலாம் என்று படித்திருந்தேன். கிராம நிர்வாக அலுவலருக்குச் சொன்னேன். அவர் காவல் நிலையத்துக்குச் சொன்னார். போலீஸ் வருவதற்குள் ஊரே வந்துவிட்டது. செல்போனில் படம் பிடிக்க முண்டியடித்ததில் நான்கு பாத்தி துவம்சம். பெட்டியால் ஒரு பிஞ்சுகூட உதிரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகஜர் எழுதிப் பெட்டியை எடுத்துப் போனார்கள். மனு ரசீதை மறக்காமல் வாங்கிக்கொண்டு, கிருஷ்ணகிரியில் வக்கீலாக இருக்கும் சித்தப்பாவிடம் ஓடினேன். அடிதடியும் பாகப்பிரிவினையும் பார்க்கிறவருக்கு இது புதுசு. இரண்டு நாள் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"1972-இல் போட்ட உடன்படிக்கை இருக்கிறது. விண்வெளிப் பொருள் தரையில் விழுந்து சேதமானால், ஏவிய நாடு தவறு செய்ததா என்று பார்ப்பதே இல்லை, இழப்பீடு கொடுத்தாக வேண்டும்." 1978-இல் சோவியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள், அணு உலையோடு கனடாவில் சிதறியதாம். கனடா தன் நாட்டு டாலரில் 60 லட்சத்துக்கு மேல் கேட்டு, 1981-இல் 30 லட்சத்துக்குப் பேசி முடித்ததாம். தக்காளி கிலோ எட்டு ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்த வாரம் அது. எனக்கு ஆசை வராதா?

பிறகு ஒவ்வொரு கதவாகச் சாத்தினார். அந்த உடன்படிக்கையின்படி நானாகக் கேட்க முடியாது; நம் அரசு தூதரகம் வழியாக, ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். பொருள் இந்தியாவினுடையது என்றால் அதுவும் கிடையாது, ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது. சரி, உள்நாட்டுச் சட்டம்? விண்வெளி நடவடிக்கைகளுக்கான மசோதாவின் வரைவு 2017-இல் வந்தது, வரைவாகவே நிற்கிறது. அப்பாவின் யோசனையான பழைய இரும்புக்கடையும் நடக்காது. 1968-இல் போட்ட இன்னொரு ஒப்பந்தப்படி, கிடைத்த விண்வெளிப் பொருளைப் பற்றி ஏவிய நாட்டுக்கும் ஐ.நா. பொதுச்செயலாளருக்கும் அரசு தெரிவிக்க வேண்டும். அந்த நாடு கேட்டால் திருப்பித் தர வேண்டும்.

இவ்வளவும் பேசி முடித்த மறுநாள் காவல் நிலையத்திலிருந்து தகவல் வந்தது: வானிலை பலூன். முந்தின நாள் மாலை விட்டதாக இருக்கும் என்றார்கள். அது ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஏறி வெடிக்கும், பெட்டி கீழே விழும். விண்வெளி எங்கே தொடங்குகிறது என்று எந்த ஒப்பந்தமும் கோடு கிழிக்கவில்லை. பலரும் சொல்வது 100 கிலோமீட்டர். எங்கள் பெட்டி அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஏறவில்லை.

மிஞ்சியது மிதிபட்ட நான்கு பாத்திதான். அதற்காவது வழக்குப் போடலாம் என்று சித்தப்பா வெள்ளைத்தாளை எடுத்தார். முதல் எதிர்மனுதாரர் யார் என்று கேட்டார். படம் எடுக்க முதலில் பாத்திக்குள் இறங்கியவர் என் தாய்மாமன். தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.