படிவம் 4-இல் விடுபட்ட ஒரு சொல்

2021ஆம் ஆண்டு மே 26 அதிகாலையில் கோவையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் என் அப்பா இறந்தார். உடலைப் பைக்குள் வைத்துக் கட்டி, முகத்தை மட்டும் சில நொடிகள் எங்களுக்குக் காட்டிவிட்டு, பாதுகாப்புக் கவச உடை அணிந்த நான்கு பேர் அவரை எரிவாயு மயானத்துக்கு எடுத்துச் சென்றார்கள். அம்மாவை வண்டியின் அருகில்கூட விடவில்லை. கொரோனாவில் இறந்தவருக்கு உரிய விதிகள் அனைத்தும் அவருடைய உடலுக்குக் கடைப்பிடிக்கப்பட்டன. ஆனால், மருத்துவமனை மாநகராட்சிக்கு அனுப்பிய படிவம் 4-இல், அதாவது இறப்புக் காரணச் சான்றில், கொரோனா என்ற சொல்லே இல்லை. நிமோனியா, மூச்சுச் செயலிழப்பு, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லை அரசுக் காகிதத்தில் ஏற்றுவதற்கு எங்களுக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது.

அந்த நாட்கள் எப்படி இருந்தன என்பதைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மே 21 அன்று மட்டும் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. இரண்டாம் அலையின் உச்சம் அதுதான். அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு ஒரு வாரம் கழித்துத்தான் சளி மாதிரி எடுத்தோம். முடிவு வர நான்கு நாட்கள் ஆயின. தொற்று இல்லை என்று வந்தது. அதற்குள் சி.டி. ஸ்கேனில் இரண்டு நுரையீரல்களும் பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்துவிட்டது. 'கோராட்ஸ் 5' என்று அறிக்கையில் இருந்தது; கொரோனாவாக இருக்க மிக அதிக வாய்ப்பு உண்டு என்பது அதன் பொருள். நோய் நுரையீரலுக்குள் இறங்கிய பிறகு மூக்கிலும் தொண்டையிலும் எடுக்கும் மாதிரியில் கிருமி அகப்படாமல் போவது உண்டு என்று மருத்துவர் சொன்னார். ஆக்சிஜன் அளவு 86க்கு இறங்கியபோது ஆம்புலன்ஸிலேயே ஏழு மணி நேரம் காத்திருந்து, ஐந்தாவதாகக் கேட்ட மருத்துவமனையில் படுக்கை பெற்றோம். அவரைக் கொரோனா வார்டில்தான் சேர்த்தார்கள். கொரோனாவுக்கான சிகிச்சையைத்தான் கொடுத்தார்கள்.

சான்றில் கையெழுத்திட்ட பணி மருத்துவர் மீது எனக்குக் கோபம் இல்லை. இரவில் அந்த வார்டு முழுவதையும் அவர் ஒருவரே பார்த்தார்; நாங்கள் அறிய அந்த ஒரே இரவில் மூன்று பேர் இறந்தார்கள். பரிசோதனைத் தாளில் இல்லை என்றிருந்ததை அப்படியே பின்பற்றி எழுதியிருப்பார். ஆனால், மருத்துவமனைகள் தாங்க முடியாத அளவுக்கு நோயாளிகள் வந்து சேரும்போது படுக்கையும் ஆக்சிஜனும் மட்டும் பற்றாக்குறையாவதில்லை, இறந்தவர் எதனால் இறந்தார் என்று நின்று நிதானமாக எழுதுவதற்கான நேரமும் இல்லாமல் போகிறது என்பதை அதற்குப் பின்வந்த மாதங்களில்தான் உணர்ந்தேன்.

அந்தக் காகிதம் எங்கள் வீட்டுக்குள் செய்த சேதம் பெரிது. அப்பாவுக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது. அவருக்கு ஊசி போட்டதும், உணவை அளந்து கொடுத்ததும் அம்மாதான். சர்க்கரை என்று எழுதியிருப்பதை நான் படித்துக் காட்டிய நாளிலிருந்து அவர் தூங்குவதை நிறுத்திவிட்டார். ஊரடங்கில் வீட்டிலேயே இருந்தவருக்குப் பலகாரம் செய்து கொடுத்தது, ஒரு நாள் ஊசி தாமதமானது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, "நான்தான் சாமி கொன்னுட்டேன்" என்பார். ஊரடங்கால் பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட யாரும் வரவில்லை. வந்து அழுதிருக்க வேண்டியவர்கள் தொலைபேசியில் எதனால் இறந்தார் என்று கேட்டார்கள். அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை.

2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 12ஆம் பிரிவின்படி கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கருணைத் தொகை வழங்க வழிமுறை வகுக்குமாறு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு உத்தரவிட்டது. செப்டம்பரில் 50,000 ரூபாய் என்று முடிவானது. தொற்று உறுதியான நாளிலிருந்து, அல்லது மருத்துவமனையில் மருத்துவர் நோயை உறுதி செய்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பைக் கொரோனா இறப்பாகக் கொள்ள வேண்டும் என்றும், சான்றில் எழுதிய காரணத்தைக் குடும்பத்தார் ஏற்கவில்லை என்றால் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம் என்றும் வழிகாட்டுதல் வந்தது. சான்றிதழில் கொரோனா என்று இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தொகையை மறுக்கக் கூடாது என்று அக்டோபர் 4 அன்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் நான் இதில் இறங்கினேன். பணம் தேவையாகத்தான் இருந்தது. அதைவிட, அம்மாவிடம் காட்ட ஒரு காகிதம் தேவைப்பட்டது.

தொடக்கத்திலேயே இரண்டு மாதங்களை வீணாக்கினேன். இறப்புச் சான்றிதழைத் திருத்தி வாங்குங்கள் என்று பலரும் சொன்னதை நம்பி, மாநகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். நம் கையில் கிடைக்கும் இறப்புச் சான்றிதழில் காரணம் எழுதும் இடமே கிடையாது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969இன் 17ஆம் பிரிவு, அந்தச் சான்றில் இறப்புக்கான காரணத்தை வெளியிடக் கூடாது என்கிறது. காரணம் இருப்பது படிவம் 4 எனப்படும் மருத்துவச் சான்றில். மருத்துவமனையில் இறந்தவர்களுக்கு அது. வெளியே இறந்தவர்களுக்குப் படிவம் 4ஏ. எனவே சான்றிதழைத் திருத்தப் போகாமல், படிவத்தின் நகலையும் சிகிச்சை ஆவணங்களையும் கையில் வைத்துக்கொண்டு நேராக மாவட்டக் குழுவை அணுகுவதே சரியான வழியாக இருந்தது. ஒரு பிறப்பு இறப்புப் பதிவாளர் பொறுமையாக அமர வைத்து இதை எனக்கு விளக்கியிருக்காவிட்டால் இன்னும் பல மாதங்கள் அலைந்திருப்பேன்.

மருத்துவமனையிடமிருந்து ஆவணங்களைப் பெறுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. பதிவேட்டுப் பிரிவில் ஐந்து முறை நாளை வாருங்கள் என்றார்கள். கட்டண ரசீதும் ஒரு பக்கச் சுருக்கமும் போதும் என்றார்கள். ஆறாவது முறை, வாயால் கேட்பதை விட்டுவிட்டுக் கடிதமாக எழுதிக் கொடுத்து, ஒப்புகை முத்திரை கேட்டேன். நோயாளியோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் சொல்வதைக் கடிதத்திலேயே குறிப்பிட்டிருந்தேன். மூன்றாம் நாள் 140 பக்கங்கள் கைக்கு வந்தன. வாய்மொழியாகக் கேட்டு நாட்களைக் கழிக்காதீர்கள் என்பதை இதே நிலையில் இருப்பவர்களுக்கு அழுத்திச் சொல்வேன்.

வாரிசுச் சான்றிதழுக்காக இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம் என்று இன்னொரு சுற்று இருந்தது; அது முறையாகவே முடிந்தது. 2022 ஜனவரியில் எல்லாவற்றையும் இணைத்து விண்ணப்பித்தேன். பரிசோதனையில் தொற்று இல்லை என்று இருப்பதால் ஏற்க இயலாது என்று முதலில் திருப்பினார்கள். வழிகாட்டுதலில் மருத்துவர் உறுதி செய்வதும் ஏற்கத்தக்கது என்றிருக்கும் பகுதியை மேற்கோள் காட்டி, சி.டி. அறிக்கை, கொரோனா வார்டில் சேர்த்த குறிப்பு, மயானத்தில் கொடுத்த ரசீது ஆகியவற்றை வரிசைப்படுத்தி மாவட்டக் குழுவுக்கு முறையீடு அனுப்பினேன். கூடுதல் ஆட்சியர் நிலை அதிகாரி ஒருவரும் மருத்துவர்களும் அடங்கிய குழு அது.

ஏப்ரலில் எங்களை அழைத்தார்கள். அம்மாவும் வந்தார். குழுவிலிருந்த பொது மருத்துவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து, சர்க்கரை அளவு குறித்த அட்டவணையில் நின்றார். சேர்த்த அன்று 168. நான்காம் நாள் 412. அம்மா அதைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மருத்துவர் நாற்காலியை அம்மாவின் பக்கம் திருப்பி, "ஏம்மா, இது நீங்க போட்ட சோறு ஏத்துனது இல்ல. நாங்க போட்ட ஸ்டீராய்டு ஏத்துனது" என்றார். நுரையீரல் வீக்கத்தைக் குறைக்க அந்த மருந்தைக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது, அது சர்க்கரையை உயர்த்தும், வீட்டிலிருந்து வந்தபோது அவருடைய சர்க்கரை அவ்வளவு மோசமாக இல்லை என்று ஒவ்வொரு தேதியாகத் தொட்டுக் காட்டினார். அந்தப் பத்து நிமிடங்களுக்காக அவருக்கு நான் வாழ்நாள் முழுவதும் நன்றியுடையவள். பதினொரு மாதங்களாக நானும் என் தம்பியும் சொல்லித் தேற்ற முடியாததை அவர் ஓர் அட்டவணையை வைத்துத் தேற்றினார். அன்று பேருந்திலேயே அம்மா தூங்கிவிட்டார்.

மே முதல் வாரத்தில், இறப்புக்கான காரணம் கொரோனா என்று குழு வழங்கிய ஆவணம் கிடைத்தது. அதே வாரத்தில், மே 5 அன்று, 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் பெருந்தொற்றையொட்டி வழக்கமான எண்ணிக்கையைவிட ஏறக்குறைய 47 லட்சம் கூடுதல் இறப்புகள் நேர்ந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசின் கணக்கில் அந்த இரண்டு ஆண்டுகளின் கொரோனா இறப்புகள் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. கணக்கிட்ட முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. எது சரியான எண் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால், என் அப்பா ஓராண்டுக் காலம் எந்தக் கணக்கிலும் கொரோனாவில் இறந்தவராக இல்லை என்பது எனக்குத் தெரியும். அவரைக் கணக்கில் சேர்க்க 140 பக்கங்களும், அலைய நேரமும், எழுதப் படிக்கத் தெரிந்த மகளும் தேவைப்பட்டார்கள்.

எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் அக்காவின் கணவர் அதே மாதம் வீட்டிலேயே இறந்தார். பழைய இறப்புகளுக்கு விண்ணப்பிக்க நீதிமன்றம் கொடுத்த 60 நாள் கெடு முடிவதற்குள் அவருக்கும் நான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பரிசோதனை எடுக்கவில்லை, ஸ்கேன் இல்லை, எந்த மருத்துவமனையும் சேர்த்துக்கொள்ளவில்லை. பக்கத்து கிளினிக்கில் காய்ச்சல், இருமல் என்று எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு மட்டும் இருந்தது. போதிய ஆவணம் இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்தச் சீட்டைத் தொலைந்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லி அக்கா என்னிடமே கொடுத்தார். அப்பாவின் கோப்பில், கடைசிப் பக்கமாக அதை வைத்திருக்கிறேன்.