ஒரே அப்ரைட் பியானோவுக்குக் கடைக்குக் கடை ஏன் விலை மாறுகிறது?

கம்பிகள் செங்குத்தாக நிற்கும் பியானோதான் அப்ரைட். புதிதாக அப்படி ஒன்றுக்கு மூன்று டீலர்களிடம் விலை கேட்டால் மூன்று பதில் வரும். ஒருவர் 100 என்றால் அடுத்தவர் 108 என்பார், இன்னொருவர் கூசாமல் 118 என்பார். ஃபிரிட்ஜாக இருந்தால் 100 சொன்னவரிடம் வாங்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். பியானோவில் அப்படி முடியாது. தொழிற்சாலையிலிருந்து பெட்டியில் வந்து இறங்கும்போது அது முழுசாக முடிந்த பொருள் இல்லை. மீதி வேலையை முடிக்க வேண்டியவர் டீலர். அதை அவர் செய்கிறாரா, எவ்வளவு தூரம் செய்கிறார் என்பதில்தான் விலை வித்தியாசத்தில் கணிசமான பங்கு ஒளிந்திருக்கிறது.

அதற்கு முன்னால், மூன்று பேரும் ஒரே மாடலுக்குத்தான் விலை சொன்னார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யமஹாவில் பி3, யு1, ஒய்யுஎஸ்1 மூன்றுமே 121 செ.மீ. உயரம், மூன்றும் பளபளக்கும் கறுப்பு. வரிசையாக நிறுத்தினால் புதிதாக வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. விலைப் பட்டியலில் மூன்றும் மூன்று படி. “யமஹா, 121” என்று போனில் கேட்டால் அவரவர் ஸ்டாக்கில் எது இருக்கிறதோ அதற்குத்தான் விலை சொல்வார்கள். மாடல் எண்ணின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் எழுத்துகளையும் விடாமல் எழுதி வாங்குங்கள். ஹெட்ஃபோன் மாட்டி வாசிக்கும் சைலன்ட் வசதி இருக்கிறதா, என்ன ஃபினிஷ் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். பொதுவாகக் கறுப்பு பாலிஷ்தான் அடிப்படை விலை. வெள்ளை, வால்நட், மஹாகனி என்று போனால் உள்ளே இருக்கும் கருவி அதேதான், விலை மட்டும் ஏறும்.

மாடல் ஒன்றே என்று உறுதியான பிறகும் வித்தியாசம் நிற்கிறதா? இனிமேல்தான் விஷயம்.

பியானோவுக்குள் ஏறக்குறைய 220 முதல் 230 கம்பிகள். எல்லாம் சேர்ந்து வார்ப்பிரும்புச் சட்டத்தின் மேல் கொடுக்கும் இழுவிசை 15 முதல் 20 டன் வரை. புதுக் கம்பி நீண்டுகொண்டே இருக்கும். தொழிற்சாலையில் எத்தனை முறை டியூன் செய்து அனுப்பினாலும் கப்பலில் வந்து, புது ஊரின் ஈரப்பதத்தில் சில நாள் நின்றால் சுருதி நழுவிவிடும். காற்றில் ஈரம் ஏறினால், கம்பியின் ஒலியைப் பெருக்கும் சவுண்ட்போர்டு பலகை உப்பிச் சுருதி ஏறும், வறண்டால் இறங்கும். அதனால் பெட்டியைப் பிரித்ததும் ஒன்றிரண்டு வாரம் சும்மா நிற்கவிட்டு, நடு ‘ஏ’ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸில் நிற்கும்படி டியூன் செய்து, இடைவெளி விட்டு இன்னொரு முறை, முடிந்தால் மூன்றாவது முறையும் செய்ய வேண்டும். ஒவ்வொரு டியூனிங்குக்கும் ஒன்றரை மணி நேரம் போகும். விலை குறைத்த கடையில் வெட்டுப்படும் முதல் செலவு இதுதான். பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு “ஒரு டியூனிங் ஃப்ரீ” என்பார்கள். அந்த ஒன்று ஒரு மாதம் தாங்கினாலே பெரிது. குறை டியூனர் மேல் இல்லை, கம்பி அப்படி.

டியூனிங்கையாவது காதால் கண்டுபிடித்துவிடலாம். ரெகுலேஷன், அதாவது கீயும் உள்ளே இருக்கும் பாகங்களும் நகரும் அளவுகளைச் சரிசெய்வது, வாங்குகிறவரின் காதுக்கு எட்டவே எட்டாது, ஆனால் தினமும் விரலில் உணர்வார். 88 கீக்கும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டிய அளவுகள் இருக்கின்றன. கீ அழுந்தும் ஆழம் சுமார் 10 மி.மீ. கம்பியை அடிக்கும் சுத்திதான் ஹேமர். ஓய்வில் நிற்கும் ஹேமருக்கும் கம்பிக்கும் இடையே சுமார் 45 மி.மீ. கீயை மெதுவாக அழுத்தினால் கம்பிக்கு 2 அல்லது 3 மி.மீ. முன்னால் ஹேமர் பிடியிலிருந்து விடுபட வேண்டும். ஹேமர் பாதி வழி வந்ததும், ஒலியை அடக்கி வைத்திருக்கும் டேம்பர் கம்பியை விட்டு எழ வேண்டும். உள்ளே எங்கு பார்த்தாலும் ஃபெல்ட் என்னும் அழுத்திய கம்பளியும் துணியும். புதுசில் இவை அமுங்கிக்கொண்டே வரும், அமுங்கிய அளவுக்கு இந்தக் கணக்கெல்லாம் மாறும். கீயைத் தொட்டதும் முதல் ஒரு மில்லிமீட்டர் வெறுமனே போய், பிறகுதான் ஹேமர் நகர்கிறது என்றால் காரணம் இதுதான். இத்தனையும் பார்த்து, தேவைப்பட்ட ஹேமர்களில் ஊசி குத்தித் தொனியைச் சமப்படுத்தும் வாய்சிங்கையும் முடிக்க நல்ல டெக்னீஷியனுக்கு ஒரு முழு வேலை நாளாவது பிடிக்கும். 118 சொன்னவர் இதைச் செய்கிறார் என்றால் அவர் விலை அதிகமே இல்லை. செய்யாமலே 118 வாங்குகிறவர்களும் உண்டு, அங்கேதான் சிக்கல்.

செய்திருக்கிறார்களா என்று நீங்களே பார்த்துவிடலாம், டெக்னீஷியன் வேண்டாம். மேல் மூடியைத் திறந்து, முன்பக்க மேல் பலகையைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் உள்ளே இரண்டு கொக்கிதான், ஒரு நிமிட வேலை. கழற்றத் தயங்கும் கடை என்றால் அதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது நடுவில் ஒரு கீயை, மூன்று நான்கு வினாடி எடுத்து, சத்தமே வராதபடி மெல்ல மெல்ல அழுத்துங்கள். ஹேமர் கம்பியை நோக்கி நகரும். கிட்டத்தட்ட தொடப்போகிறது என்னும்போது, ஒரு நாணயத்தின் தடிமன் அளவு இடைவெளியில், சட்டென்று விடுபட்டுப் பின்வாங்கும். விடுபடாமல் கம்பியிலேயே போய் ஒட்டினால் ஒலி செத்துக் கேட்கும். 5, 6 மி.மீ. தள்ளியே விடுபட்டால் மென்மையாக வாசிக்கும்போது சில ஸ்வரங்கள் பேசவே பேசாது. ஒரு கீயோடு நிறுத்தாமல் அடுத்தடுத்து பத்துப் பன்னிரண்டு கீ பாருங்கள். எல்லாம் ஒரே இடத்தில் விடுபட்டால் யாரோ ஒருவர் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்றால் பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்தியதோடு சரி. அடுத்து, ஒரு கீயை மிதமாக அடித்து அப்படியே அழுத்திப் பிடியுங்கள். திரும்பி வரும் ஹேமர் கம்பியிலிருந்து 15 மி.மீ. அளவில் பிடிபட்டு நிற்கும். ஐந்து கீயை ஒன்றாக அடித்துப் பிடித்தால் ஐந்து ஹேமரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

வேலைக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் இருக்கின்றன, அவற்றை வாங்குகிறவர் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஒரு டீலரின் கன்டெய்னர் நாணய மாற்று விகிதம் நன்றாக இருந்தபோது வந்திருக்கும், இன்னொருவருடையது ஆறு மாதம் கழித்து, தொழிற்சாலை விலை ஏற்றிய பிறகு வந்திருக்கும். இருவரிடமும் அதே மாடல், ஆனால் அடக்க விலையே வேறு. நிறைய எடுக்கும் டீலருக்கு நிறுவனம் கூடுதல் கழிவு கொடுக்கும். பியானோ சீக்கிரம் விற்றுப்போகிற சரக்கும் அல்ல. ஷோரூமில் நிற்கும் ஒவ்வொன்றும் டீலரின் பணம், அநேகமாகக் கடன் வாங்கிய பணம், வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஒரே மாடலில் மூன்றை வைத்திருப்பவர் இறங்கி வருவார், கடைசி ஒன்றை வைத்திருப்பவர் வரமாட்டார். அதனால் “இந்த மாடல் எத்தனை கைவசம் இருக்கிறது, எப்போது வந்தது?” என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு வையுங்கள்.

பழைய ஸ்டாக் என்றால் முகம் சுளிக்க வேண்டாம். இரண்டு வருடமாக ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் நின்று, முறையாக டியூன் ஆகி வந்த விற்காத பியானோ, என் கணக்கில் பெட்டி பிரிக்காததைவிட மேல். கம்பி நீளும் காலம் பெரும்பாலும் கடையிலேயே கழிந்துவிட்டது. அதே இரண்டு வருடம் கோடவுனில் கிடந்தது என்றால் கதை வேறு. டார்ச் அடித்துப் பார்த்தால் கம்பியிலும், கம்பி சுற்றிய டியூனிங் பின்னிலும் துருப்புள்ளி தெரியும், சில ஹேமர்கள் சோம்பலாகத் திரும்பும். டெமோவுக்கோ, வாடகைக்கோ, பள்ளி நிகழ்ச்சிக்கோ போய் வந்ததைப் “புதுசு” என்று தள்ளுவதும் நடக்கும். ஹேமர் முனையில் கம்பி பதிந்த கோடுகள் ஆழமாக இருந்தால் அது நிறைய வாசிக்கப்பட்டது. அதற்கு உரிய கழிவு தந்தால் வாங்கலாம், அதில் தப்பில்லை. வாரண்டி உங்கள் பில் தேதியிலிருந்து தொடங்குகிறதா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நிறுவனத்தின் அதிகாரபூர்வ வழியில் வராமல், வேறு நாட்டுச் சந்தையிலிருந்து யாரோ இறக்கிய சரக்கும் மலிவாகக் கிடைக்கும். கருவி அசலாகவே இருக்கலாம். ஆனால் உள்ளூர் நிறுவனக் கிளை அதன் வாரண்டியை ஏற்காது, கோளாறு வந்தால் விற்றவர் மட்டுமே கதி.

ஒப்பிடவே முடியாத விலைகள் தனி ரகம். ஒரு பிராண்டை ஒரு வட்டாரத்தில் ஒரே டீலருக்குக் கொடுப்பது இந்தத் தொழிலில் சகஜம். இன்னொரு கொட்டேஷன் வாங்கவே வழியில்லாதபோது “பட்டியல் விலையில் 40 சதவீதம் தள்ளுபடி” என்பதற்கு அர்த்தம் கிடையாது, பட்டியலை எழுதியதும் அவர்கள்தான். பெயரைக் கண்டும் மயங்க வேண்டாம். 1795-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் தொடங்கிய ரிட்முல்லர் பெயரில் இன்று வரும் பியானோ சீனாவின் பேர்ல் ரிவர் நிறுவனத்துடையது. ஸ்டைன்வே வடிவமைத்த பாஸ்டனைச் செய்வது கவாய். இவை மோசமான கருவிகள் என்று சொல்லவில்லை, நல்லவையும் உண்டு. எந்தத் தொழிற்சாலையில் செய்தது, சவுண்ட்போர்டு முழு ஸ்ப்ரூஸ் மரப் பலகையா இல்லை அடுக்கு ஒட்டிய பலகையா என்று கேட்டு, அதே தரத்தில் உள்ள வேறு பிராண்டோடு ஒப்பிட்டால் விலையின் நியாயம் ஓரளவு பிடிபடும்.

எக்ஸ்சேஞ்ச் பேச்சை முதலில் எடுக்காதீர்கள். பழசுக்குத் தாராளமாகக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு அதைப் புதுசின் விலையில் ஏற்றிவிடுவார்கள். ஆசிரியர் சிபாரிசு செய்த கடை என்றால் சில இடங்களில் அவருக்கு ஒரு கமிஷன் போகும், அதுவும் உங்கள் விலைக்குள்தான் இருக்கிறது. கேட்கச் சங்கடம்தான், ஆனால் தெரிந்திருப்பது நல்லது.

டெலிவரியைச் சின்ன விஷயமாக நினைத்தால் 100 சொன்ன கடையே கடைசியில் 112-க்கு வந்து நிற்கும். யு1-இன் எடை 228 கிலோ. தரைத்தளம் வரை என்பது ஒரு விலை, திருப்பமுள்ள மாடிப்படி இன்னொரு விலை, கிரேன் வைத்து ஏற்றுவது வேறொரு விலை. படியின் அகலத்தையும் திருப்பத்தையும் அளந்து, போட்டோ எடுத்து மூன்று கடைக்கும் அனுப்பிவிட்டு, வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பது வரை சேர்த்து ஒரே தொகையாகக் கேளுங்கள். வரி, ஸ்டூல், வீட்டில் முதல் டியூனிங் எல்லாம் அதற்குள் இருக்கட்டும். பெட்டி பிரித்த பிறகு கடையில் எத்தனை முறை டியூன் செய்தீர்கள், ரெகுலேஷன் பார்த்தது யார் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். வேலை செய்யும் கடைக்குப் பதில் நுனிநாக்கில் இருக்கும்.

பேரம் பேச வேண்டியது தொகையில் மட்டும் அல்ல. இன்னும் இரண்டு சதவீதம் குறைக்கக் கேட்பதைவிட, ஆறு மாதம் கழித்து அதே டெக்னீஷியன் வீட்டுக்கு வந்து ஒரு டியூனிங்கும் ரெகுலேஷனும் செய்து தரவேண்டும் என்று கேட்பதுதான் லாபம். ஃபெல்ட் அமுங்கி முடிகிற அந்தச் சமயத்தில்தான் கருவிக்கு இன்னொரு கை தேவைப்படுகிறது. பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கடையில் நீங்கள் வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அதே பியானோதான் வர வேண்டும். பெரும்பாலான அப்ரைட்களில் மேல் மூடியைத் தூக்கினால் இரும்புச் சட்டத்தில் சீரியல் நம்பர் இருக்கும், அதை வைத்துத் தயாரித்த வருடத்தையும் கண்டுபிடிக்கலாம். முன்பணம் கொடுக்கும்போதே அந்த எண்ணைப் பில்லில் ஏற்றச் சொல்லி, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். டெலிவரி அன்று, இறக்கியவர்கள் வண்டியில் ஏறும் முன் மூடியைத் திறந்து இரண்டு எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.