எந்த மணிக்குத் தண்ணீர் இருக்கும்?

என்னுடைய முதல் திட்டம் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. காலை பத்து மணிக்குப் புறப்பாடு. லாக் (கால்வாயிலிருந்து கடல் மட்டத்துக்குப் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) வழியாக விரிகுடாவுக்குள் இறங்கி, மணல் திட்டைக் கடந்து, உள்விரிகுடாவில் நங்கூரம். மறுநாள் அதே வழியில் திரும்புவது. தூரம் பதினோரு கடல் மைல், படகின் வேகம் 5 நாட், அதாவது மணிக்கு 5 கடல் மைல், ஆகவே இரண்டேகால் மணி நேரம். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர் என்பதைக்கூட ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன்.

அதை அண்ணனிடம் காட்டினேன். உடன்பிறந்தவர் இல்லை, படகில் பல ஆண்டு பழகியவர், இந்தப் பயணத்துக்கு என்னோடு வர ஒப்புக்கொண்டவர். படித்துவிட்டு, "வழி சரி தம்பி. எந்த மணிக்குத் தண்ணீர் இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

கடலில் எப்போதும் தண்ணீர் இருக்கும் என்று நினைத்திருந்தவன் நான். அன்று மாலை, கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. நான் குறித்திருந்த நாள் பௌர்ணமிக்கு மறுநாள். காலை 5.45க்கு ஏற்றம், நண்பகலில் வற்றம். என் கணக்குப்படி படகு மணல் திட்டை அடைவது பன்னிரண்டு மணி சுமாருக்கு. அப்போது அங்கே இருக்கப்போகும் தண்ணீர் 40 சென்டிமீட்டர், முழங்கால் அளவு. எங்கள் படகோ 1.1 மீட்டர் அமிழ்ந்து மிதப்பது.

அந்த வேடிக்கைகூட நடந்திருக்காது, அதற்கு முன்பே லாக் மூடியிருக்கும். கடலையும் கால்வாயையும் இணைக்கும் பல லாக்குகள் நாள் முழுதும் இயங்குவதில்லை. வெளியே தண்ணீர் போதுமான உயரத்தில் இருக்கும்போதுதான் திறப்பார்கள். எங்கள் வழியில் இருந்தது ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் மும்மூன்று மணி நேரம், அதுவும் காலை எட்டு முதல் மாலை ஆறுக்குள் மட்டும். அன்றைய காலைக்குக் கிடைத்தது 8.00 முதல் 8.45 வரை. மாலையில் மறுபடி திறக்கும்தான். ஆனால் அப்போது கிளம்பினால் பழக்கமில்லாத இடத்தில் இருட்டில் நங்கூரம் போட வேண்டும். அண்ணன் தலையை ஆட்டினார்.

ஒரு வாரம் தள்ளிப்போட்டோம். ஏற்றம் ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். ஏழு நாளில் அது ஏறக்குறைய ஆறு மணி நேரம்; போன வாரம் வற்றிக்கிடந்த அதே மணிக்கு இந்த வாரம் தண்ணீர் நிறைந்து நிற்கும். இன்னொரு வசதியும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகம் ஏறி அதிகம் வற்றும். அரை நிலவை ஒட்டி இரண்டுமே குறைவு. ஆழமற்ற இடத்தில் இரவு தங்குபவனுக்கு அதிகம் வற்றாத கடல்தான் நல்ல கடல்.

புதிய நாளின் எண்கள் இவை: வற்றம் காலை 5.40க்கு 0.9 மீட்டர், ஏற்றம் 11.50க்கு 2.7 மீட்டர். வரைபடத்தில் மணல் திட்டின் மேல் போட்டிருந்த ஆழம் 0.3 மீட்டர். வரைபடத்தில் இருக்கும் ஆழம் என்பது கடல் மிகவும் வற்றும் நிலையை ஒட்டிய ஒரு மட்டத்திலிருந்து அளந்தது. அட்டவணையில் இருக்கும் ஓத உயரத்தை அதோடு கூட்டினால்தான் அந்த நேரத்து உண்மையான ஆழம் கிடைக்கும். எங்களுக்கு வேண்டியது 1.1 மீட்டரும், அதற்குக் கீழே அரை மீட்டர் இடைவெளியும், ஆக 1.6. அதில் 0.3 கழிந்தால் 1.3. ஓதம் 1.3 மீட்டரைத் தொட்ட பிறகே திட்டின் பக்கம் போகலாம்.

அது எந்த மணிக்கு என்பதற்கு அண்ணன் சொல்லித்தந்தது பன்னிரண்டில் பங்கு என்ற பழைய மாலுமிக் கணக்கு. தண்ணீர் ஒரே சீராக ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. எங்களுக்கு 0.9இலிருந்து 2.7 வரை ஏறுவது 1.8 மீட்டர், ஒரு பங்கு 15 சென்டிமீட்டர். இரண்டு மணி நேரத்தில் மூன்று பங்கு ஏறி 1.35 ஆகிவிடும். அதாவது 7.45க்குப் பிறகு திட்டு திறந்துவிடும். இது எல்லாக் கடலுக்கும் பொருந்தாது. ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம் ஒழுங்காக வரும் கரைகளுக்குத்தான். எங்களுக்குப் பொருந்தியது.

இதோடு அவர் வைத்த ஒரு நிபந்தனை: "ஏறுகிற தண்ணீரில்தான் திட்டைக் கடக்க வேண்டும். தட்டினால் தண்ணீரே தூக்கிவிடும். வற்றுகிற தண்ணீரில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேதான் குடித்தனம்." ஆக, 7.45 முதல் 11.50 வரை திட்டு. லாக் திறப்பது 8.50. லாக்கிலிருந்து திட்டு ஒன்பது மைல், ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். லாக்கை 9.15க்கு விட்டால் திட்டில் 11.05. எங்கள் கையில் இருந்த உபரி நேரம் முக்கால் மணிதான். பதினோரு மைல் பயணத்தில் நான் உண்மையில் திட்டமிட்டது அந்த முக்கால் மணியைச் சுற்றித்தான்.

மற்றவை பெரிய வேலையில்லை. எரிபொருளில் போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கைவசம் ஒரு பங்கு. குடிநீர், பாதுகாப்பு அங்கி, கரையில் இருக்கும் ஒருவரிடம் எங்கள் வழியும் எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புப் படைக்குச் சொல்ல வேண்டும் என்பதும் எழுதிய தாள். வி.எச்.எஃப் வானொலியை அபாய அழைப்புக்கான 16ஆவது சேனலில் வைத்துச் சரிபார்த்தோம். மிதவைகளின் நிறத்தையும் பார்த்துக்கொண்டோம்: துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை உலகின் சில பகுதிகளில் இடக்கைப் பக்கம், சில பகுதிகளில் வலக்கைப் பக்கம். வேறு ஊர்க் கடலில் பழகியவர்கள் இதில் ஏமாறுவது உண்டு.

ஒரு வேலையை மட்டும் அண்ணன் விடாப்பிடியாகச் செய்யச் சொன்னார். கட்டியிருந்த படகின் ஓரத்தில் நின்று, முனையில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினேன். குண்டு சேற்றில் அமர்ந்தது கையில் மெத்தென்று தெரிந்தது. நனைந்த இடத்தைக் கிள்ளிப் பிடித்து அளந்தால் 2.5 மீட்டர். உள்ளே ஆழமானியின் திரையில் 1.9. அந்தக் கருவியின் கண் படகின் அடியில், நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. அங்கிருந்து தரை வரைதான் அது சொல்லும். அப்படியானால் எங்கள் அடிக்கட்டை தரையைத் தொடும்போது திரையில் 0.5 இருக்கும், பூஜ்யம் அல்ல. "0.5 = தரை" என்று எழுதித் திரையின் மேல் ஒட்டினேன். வாடகைப் படகு எடுப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

கிளம்பிய அன்று 8.30க்கே லாக் முன்னால் நின்றோம். சிவப்பு விளக்கு. லாக் என்றால் இரண்டு முனையிலும் கதவு போட்ட நீண்ட தொட்டிதான். ஒவ்வொரு முனையிலும் இருக்கும் ஜோடிக் கதவுகள் நடுவில் ஆங்கில வி எழுத்துப் போல் முனை கூடி, உயர்ந்த நீரை நோக்கி நிற்கும். தண்ணீர் அழுத்த அழுத்த இறுகும். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிலான் கால்வாய்களுக்காக லியொனார்டோ டா வின்சி இப்படிப்பட்ட கதவை வரைந்திருக்கிறார். கடலோர லாக்கில் கடல் சில நேரம் கால்வாயை விட உயர்ந்துவிடும் என்பதால் எதிர்த்திசை பார்த்து இன்னொரு ஜோடிக் கதவும் வைப்பதுண்டு.

பச்சை விழுந்ததும் ஊர்ந்து உள்ளே போனோம். இரண்டு பக்கமும் ரப்பர் காப்புகள், முன்னும் பின்னும் ஒவ்வொரு கயிறு. கயிற்றைக் கரைக் கம்பத்தில் சுற்றி முனையைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டுமே தவிர, படகில் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. நீர் இறங்கும்போது கயிறு சிக்கினால் படகு சுவரில் தொங்கும். அண்ணன் அமரத்தில், அதாவது படகின் பின்முனையில் நின்றார், இடுப்பில் கத்தி. பின் கதவுக்கு அருகில் போகாமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. அந்தக் கதவின் அடியில் கல் வாசற்படி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நீர் இறங்கும்போது படகின் பின்பகுதி அதில் மாட்டினால் முன்பகுதி மட்டும் கீழே போய்க்கொண்டிருக்கும்.

நான் அணியத்தில், முன்முனையில். தண்ணீர் இறங்குவது முதலில் தெரியவில்லை. முகத்துக்கு நேராக இருந்த காய்ந்த கல் ஈரமாயிற்று, பிறகு பச்சைப் பாசி, அதற்குக் கீழே சிப்பி ஒட்டிய வரிசை. கயிறு உள்ளங்கையில் அங்குலம் அங்குலமாக நழுவியது. கடல் பக்கக் கதவு திறந்ததும் காற்றே இல்லாமல் படகு லேசாக அசைந்தது. உப்புநீர் கனமானது, அடியில் புகுந்து மேலே இருக்கும் நன்னீரை வெளியே தள்ளும். அது நிற்கும் வரை கயிற்றை விடாதே என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திட்டை 11.10க்குக் கடந்தோம், ஐந்து நிமிடத் தாமதம். திரை 2.2 காட்டியது. எழுத வேறு ஒன்றும் இல்லை.

நங்கூரம் போட்ட இடத்தில் ஆழம் 3.4 மீட்டர், நேரம் கிட்டத்தட்ட முழு ஏற்றம். "இப்போது இருப்பது கணக்கில்லை, விடியற்காலையில் என்ன மிஞ்சும்?" என்றார். மறுநாள் காலை 6.50க்கு வற்றம் 0.95 மீட்டர். இப்போதைய 2.7இலிருந்து 1.75 இறங்கும், மிஞ்சுவது 1.65. அரை மீட்டருக்கு மேல் அடியில் இருக்கும், சரி. ஆனால் சங்கிலியின் நீளம் வற்றத்தை வைத்து அல்ல, ஏற்றத்தை வைத்து: 3.4 மீட்டரோடு அணியத்தின் உயரம் 0.8 சேர்த்து 4.2, அதை ஐந்தால் பெருக்கி 21 மீட்டர். அந்த 21 மீட்டர் சங்கிலியில் நங்கூரத்தைச் சுற்றிப் படகு இரவெல்லாம் வட்டம் போடும் என்பதால் பக்கத்துப் படகிலிருந்து தள்ளியே நின்றோம். நங்கூரமிட்ட படகுக்கு எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டுச் சர்வதேசக் கடல்வழி விதி. இருட்டும் முன் ஏற்றினோம்.

தேய்பிறை அரை நிலா நள்ளிரவை ஒட்டித்தான் எழும். அதுவரை கும்மிருட்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து, கரையில் நேர்கோட்டில் குறித்து வைத்திருந்த இரண்டு விளக்குகள் விலகியிருக்கின்றனவா என்று பார்ப்பது என் முறை. மூன்று மணிக்கு எழுந்தபோது காற்று திரும்பியிருந்தது, கரையிலிருந்து கடலை நோக்கி. நங்கூரம் பிடித்திருந்ததால் மறுபடி படுத்துவிட்டேன். அதை எழுதி வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் கணக்கு: 8.55க்குப் பிறகு திட்டு. லாக் 10.00க்குத் திறக்கும். விடிந்ததும் எனக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. லாக்கில் கூட்டம் சேருவதற்குள் போய்விடலாம், நேற்றுத்தான் அவ்வளவு தண்ணீர் இருந்ததே. அண்ணன், "படகு உன் கையில்தான், கணக்கும் உன்னுடையதுதான்" என்றார். அவர் தடுக்கவில்லை என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். 8.30க்குத் திட்டில் இருந்தோம்.

திரை 0.9 காட்டியது, பிறகு 0.7. வளைவில் நீர்த்தடத்தைக் குறிக்கும் இரண்டு கழிகளுக்கு நடுவில் போகாமல் கொஞ்சம் குறுக்கே வெட்டினேன். 0.6. ஒட்டியிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், 0.5 என்று விழுந்தது. இடிபடவில்லை, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்ததுபோல் படகு மெல்ல நின்றது. பின்னால் தண்ணீர் பழுப்பாகக் கலங்கி எழுந்தது.

"எஞ்சினை நிறுத்து, மணலை உறிஞ்சும்" என்றார் அண்ணன். பிறகு உட்கார்ந்துகொண்டார். ஏறுகிற தண்ணீர்தானே. கயிற்றுக் குண்டை இறக்கிக் கால் மணி நேரம் நான் மட்டும் அளந்துகொண்டிருந்தேன். 1.08, 1.1, 1.14. 8.45க்குப் படகு தானாக ஒரு பக்கம் நகர்ந்தது.

இரவெல்லாம் கரைக்காற்று விரிகுடாவின் தண்ணீரை வெளியே தள்ளியிருக்கிறது. காற்றழுத்தமும் கூடியிருந்தது, ஒரு மில்லிபார் ஏறினால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இறங்கும். அட்டவணை நிலவையும் சூரியனையும்தான் கணக்கிடும், காற்றை அல்ல. நாங்கள் வைத்திருந்த அரை மீட்டர் இடைவெளி இதற்காகத்தான். அதில் பாதியைக் காற்று எடுத்துக்கொண்டது, மீதியை என் அவசரமும் அந்தக் குறுக்கு வழியும்.

லாக்கில் எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு படகு நின்றிருந்தது. ஏறும்போது தண்ணீர் கொப்பளித்து உள்ளே வரும் என்பதால் இந்த முறை கயிற்றை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மேலே வந்து கட்டிய பிறகு அண்ணன் நோட்டைக் கேட்டு வாங்கினார். 8.30 என்ற வரியில் நான் ஓத உயரமாக எழுதியிருந்த "1.25"ஐ அடிக்காமல், பக்கத்தில் "கண்டது 1.0, கரைக்காற்று, இரவு 3 மணி முதல்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.