செருப்புப் பெட்டியில் வந்த கூகை

காலை ஆறரை மணிக்கு பறவைகள் மறுவாழ்வு மையத்தின் கதவைத் திறந்தால், பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. கையில் செருப்புப் பெட்டி. உள்ளே கூகை என்னும் ஆந்தையின் குஞ்சு.

"பசிக்குமே என்று பால் கொடுத்தேன் அக்கா."

அலகைச் சுற்றிப் பால் காய்ந்து, பஞ்சு இறகெல்லாம் ஊசி ஊசியாக ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான நீரில் துடைத்தெடுக்கவே அரை மணி நேரம். பறவைக்குப் பால் செரிக்காது. மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிரே போய்விடும்.

திட்ட மனம் வரவில்லை. அபசகுனம் என்று ஊர் கல்லெறியும் பறவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருக்கிறாளே!

மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். காயம் ஏதுமில்லை. மாலையில், அது விழுந்த கோயில் கோபுரப் பொந்திலேயே குஞ்சை வைத்துவிட்டு, எதிர்த் திண்ணையில் காத்திருந்தோம்.

இருட்டியதும் சத்தமே இல்லாமல் வெள்ளையாக ஒன்று இறங்கியது. அலகில் எலி.

அவள் என் விரலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.